தம்பி மாட்டிய கியர் ஒயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. புதுவாயல் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். கல்கத்தா ரோட்டோரம் இன்றைக்கு நிற்கிற கம்பெனிகள் பெரும்பாலும் அப்போது வந்திருக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்தான். எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. வீட்டில் நைனா, அம்மா, நான், என் தம்பி. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் கூட்டுவது, புகையில்லாத அடுப்பு போடக் கற்றுக்கொடுப்பது, கொல்லையில் கீரைப் பாத்தி வைக்கச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்களும் என் வட்டத்துக்குள்ளேதான் வந்தன. பஸ் போகாத இடங்கள். சைக்கிள்தான் கதி. பெண்பிள்ளை சைக்கிளில் போவதை ஊர் இரண்டு மாதம் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது கடற்காற்று ஒன்றுதான். மத்தியானத்துக்கு மேல் எதிர்க்காற்று அடித்தால் பெடல் நகராது. இறங்கித் தள்ளிக்கொண்டே போவேன். வீட்டுக்கு வந்ததும் கால் இரண்டும் மரத்துப்போய்க் கிடப்பேன்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த என் தம்பி ஒரு நாள் மெட்ராஸுக்குப் போய், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பின்சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதன் நடுவில் சாதாரண ஹப்பை விடப் பருமனாக ஒரு ஹப். சீமைச் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றியது. மூன்று கியரும் அந்த ஹப்புக்குள்ளேயே அடக்கம் என்றான். கூடவே ஹேண்டில்பாரில் மாட்ட ஒரு சின்ன லீவர், ஒரு குட்டிக் கப்பி, ஒரு சுருள் ஒயர்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். வயல் வேலையைக் குறை வைக்க மாட்டான். ஆனால் மனசு முழுக்க இரும்புச் சாமானில்தான். எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நைனாவுக்கு அது பிடிக்காது. “கம்பியும் கப்பியுமா கட்டிக்கினு அழுவுறான்” என்பார்.

சக்கரத்தை மாட்டுவது சுலபமாக முடிந்தது. ஒயரில்தான் சிக்கல். அந்தக் கியர் ஆண்கள் சைக்கிளில் இருந்தது. அதில் மேலே நேராக ஒரு பார் இருக்கும். லீவரிலிருந்து வரும் ஒயர் அந்த பாரின் மேலேயே ஓடி, சீட்டுக்குக் கீழே கப்பியில் வளைந்து, பின்சக்கரத்துக்கு இறங்கிவிடும். என்னுடையது லேடீஸ் சைக்கிள். பாரே கிடையாது. ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். முதலில் சாய்ந்து இறங்குகிற குழாயின் மேல் பக்கமாக ஒயரை இழுத்தான். “ஏறி உக்காருக்கா” என்றான். உட்கார்ந்தேன். புடவைக் கொசுவம் ஒயரில் உரசியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவன் மொத்தத்தையும் கழற்றிவிட்டான். “இன்னிக்கு உரசும், நாளைக்கு மாட்டும்” என்று சொல்லி, குழாயின் அடிப்பக்கமாகத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். கீழே பெடல் அச்சுக்குப் பக்கத்தில் ஒயர் திரும்ப வேண்டும். எதிலும் உரசாமல் திரும்புகிற இடம் பார்த்துக் கப்பியை வைத்தான். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்தான். கடைசியில், ஒயரின் மேல் உறை வந்து முட்டி நிற்கிற கிளிப். அதுதான் முக்கியம் என்றான். அது அசைந்தால் ஒயர் தளர்ந்துவிடும், கியர் பிடிக்காது. அது நழுவாமல் இருக்க, பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டிக் குழாயில் சுற்றி, அதன்மேல் கிளிப்பை வைத்து முடுக்கினான்.

மறுநாள் எதிர்க்காற்றில் லீவரை ஒன்றில் போட்டேன். சைக்கிள் மெதுவாக, ஆனால் நிற்காமல் போயிற்று. யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தப் பொருளிலும் அதற்குமுன் கிடைத்ததில்லை. ஹப்பிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். குப்பத்துப் பெண்கள், “சேவிகாம்மா கடியாரத்து மேல குந்திக்கினு வருது” என்று சிரிப்பார்கள். நைனாகூட ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “காத்துல போவுதா?” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய விஷயம். தம்பி அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாகவே திரிந்தான்.

ஐப்பசி மாதம். ஒரு நாள் குப்பத்தில் சங்கக் கூட்டம் முடிந்து திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. களிமண் பாதை. சக்கரத்தில் சேறு அப்பி, சைக்கிள் உருளவே இல்லை. அந்தக் குப்பத்துக்காரர் ஒருவர் கருவாட்டு மூட்டைகளோடு மாட்டு வண்டியில் வந்தார். அவர் சம்சாரம் எங்கள் சங்கத்தில் இருந்தவர். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

“ஏறும்மா, இந்த மழையில எங்க தள்ளிக்கினு போவ?”

சைக்கிளை மூட்டைகள் மேல் படுக்கப் போட்டு, சரியாமல் இருக்கத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். தலைக்குப் போட்டுக்கொள்ள அவருடைய சாக்கையும் எனக்கே கொடுத்துவிட்டு, வழியெல்லாம் நனைந்துகொண்டே வண்டி ஓட்டினார். எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு, காசு கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டு போனார். வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னாக்கா, கருவாட்டு வண்டில வந்தியா?” என்று கேலி செய்தது இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினேன். லீவர் மூன்றில் இருந்தது. ஊருக்குள் சமதரை, அதனால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஊரைவிட்டு வெளியே போக எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் லீவரை இரண்டுக்கு இழுத்து, சீட்டிலிருந்து லேசாக எழும்பி முழு பலத்தோடு மிதித்தேன். பெடலில் பிடிப்பே இல்லை. கால் காற்றில் இறங்கியது. இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே எதிலும் சேராத ஓர் இடம் அந்த ஹப்புக்குள் உண்டு. ஒயர் கொஞ்சம் தளர்ந்தால் அங்கே போய் நின்றுவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு புரிந்தது. அந்த நிமிஷம் தெரிந்தது, கரையோரக் கருங்கற்கள் என்னை நோக்கி வந்தது மட்டும்தான்.

கண் விழித்தபோது மெட்ராஸ் ஆஸ்பத்திரி. தொடை எலும்பு முறிந்து, தலையிலும் அடி. அம்மா பக்கத்தில் இருந்தாள். நைனா ஜன்னலோரம் நின்றிருந்தார். தம்பியைக் காணோம். “எங்கம்மா அவன்?” என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா வெளியே போய்விட்டார்.

நான் நினைவில்லாமல் கிடந்த அன்று வராந்தாவில் நடந்ததை அம்மா பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சைக்கிள் மிதிக்கும்போது கியர் விட்டுவிட்டது என்று பின்னால் வந்த ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நைனா தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“என் பொண்ண நொண்டியாக்கிட்டியேடா பாவி! உன் கையி பட்டது எதுவும் உருப்படாது. இனிமே ஒரு திருகாணியக்கூட நீ தொடக்கூடாது, சொல்லிட்டேன்.”

தம்பி பதில் பேசவில்லையாம். சட்டையை விட்டதும் தூணோரம் போய் நின்றானாம். எனக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்கிறவரை அங்கேயே நின்றுவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

எனக்கு அப்போது ஓர் இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கால் குட்டையாகும் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. வீட்டில் அதற்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினார்கள். எனக்குக் கல்யாணம் பிற்பாடு நல்லபடியாகவே நடந்தது, அது வேறு கதை. ஆனால் அந்த மாதங்களில் தம்பிக்காகப் பேச அந்த வீட்டில் யாரும் இல்லை. மாவுக்கட்டோடு கிடந்த எனக்கும் அவன் எங்கோ ஓரிடத்தில் கவனம் தப்பிவிட்டான் என்றே தோன்றியது. கோபம் இல்லை. அவன் பக்கம் சொல்ல வார்த்தையும் இல்லை.

கோடை வந்தபிறகுதான் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தேன். சைக்கிள் மாட்டுக்கொட்டாயில், விழுந்த அன்று கொண்டுவந்து சாத்திய இடத்திலேயே, வைக்கோல் தூசு படிந்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஒரு நாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துணியால் துடைத்தேன். குழாயில் அவன் சுற்றிய டியூப் துண்டு அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய கிளிப் அங்கே இல்லை. ஒரு விரல் தள்ளி, பின்னால் போய் நின்றிருந்தது. நடுவில் பெயிண்ட் உரிந்து ஒரே இழுப்பாக ஒரு கோடு. கிளிப்பின் திருகாணியில் சிக்கிக்கொண்டு நாலைந்து தேங்காய்நார் இழைகள்.

ஓர் இழையைத் தொட்டுப் பார்த்தேன். கருவாட்டு வண்டி. மூட்டைமேல் கட்டிய கயிறு. வண்டி குலுங்கக் குலுங்க, கயிறு அந்தக் கிளிப்பை இழுத்து நகர்த்தியிருக்கிறது. தம்பி மாட்டியதில் ஒரு குறையும் இல்லை.

அவன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஒரு டீக்கடையில் இருக்கிறான் என்று புதுவாயல் கடைக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். கம்போடு நான் தனியாகப் போன முதல் பயணம் அது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஆந்திராவுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கடைக்குப் பக்கத்திலேயே ஒரு லாரி ஒர்க்‌ஷாப். இன்ஜினைப் பிரித்துப் போட்டு நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் தம்பி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், என் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தான்.

ஒரு பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தான். நான் கிளிப்பையும் கயிற்று இழையையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவன் முகம் மாறும், அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“தெரியும்க்கா.”

“இன்னா தெரியும்?”

“அன்னிக்கு சைக்கிள ஊட்டுக்குத் தூக்கியாந்தது நான்தானே. அப்பவே பாத்துட்டேன்.”

கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். “அப்புறம் ஏன்டா சொல்லல? நைனா அவ்ளோ பேசும்போது வாய மூடிக்கினு நின்னியே!”

“சொன்னா இன்னா ஆவும்? நைனா ஆளுங்கள கூட்டிக்கினு நேரா குப்பத்துக்குப் போவாரு. அந்த மனுஷன் மழையில நனஞ்சிகினே உன்ன ஊட்டாண்ட கொண்டாந்து வுட்டாரு. அவர அடிக்கறதுக்கா நான் சொல்லணும்? அப்புறம் அந்தக் குப்பத்துல நீ எப்டிக்கா போய் நிப்ப?”

நைனாவின் கோபம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கள் ஊருக்கும் குப்பத்துக்கும் ஆகாது, அடிதடிக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றும் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வண்டிக்காரரின் சம்சாரம் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர்களுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

“ஊட்டுக்கு வாடா” என்றேன். “வரேன்க்கா, அப்புறமா” என்றான். என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது, “நைனா கிட்ட இத சொல்லிக்காத” என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. சில மாதங்கள் போகட்டும், நைனாவின் சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, வண்டிக் கயிறு இழுத்ததுதான், தம்பிக்கு அது அன்றைக்கே தெரியும் என்று மட்டும் சொன்னேன். யார் வண்டி என்று சொல்லவில்லை. நைனா எழுந்து மாட்டுக்கொட்டாய்க்குப் போனார். வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து அம்மாவிடம், “அவன் ஏன் சொல்லல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றார். சாப்பிடும்போதும் அதையே கேட்டார்.

அடுத்த வாரம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு எளாவூர் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவரிடம் அம்மா ஆவலாக ஓடினாள். “இன்னா சொன்னான்?” நைனா துண்டை உதறிக் கொடியில் போட்டார். “டீ குடுத்தான். குடிச்சிட்டு வந்தேன்” என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் தலைமுறையில் யாருக்கும் வாயில் வராது. அதைச் சொல்லத்தான் போனார், சொல்ல முடியாமல் திரும்பினார்.

தம்பி அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். எல்லோரும் பழையபடி இருப்பதுபோலவே பேசினோம், சிரித்தோம். அம்மா அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிணற்றடியில் ஆயில் இன்ஜின் நின்றுபோனது. பயிர் தண்ணீருக்குக் காத்திருந்தது. நைனா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்த தம்பியிடம் வந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன்.

“டேய், நீ கொஞ்சம் பாரேன்” என்றார்.

அவர் அப்படிக் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஸ்பானர் அவர் கையிலேயே நீண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்தான். முகத்தில் கோபமோ வீம்போ எதுவும் இல்லை.

“மெக்கானிக்க கூப்புடலாம் நைனா. நான் போய் இட்டாறேன்” என்று சொல்லிவிட்டு வரப்பு வழியே நடந்தான்.

நைனா ஸ்பானரோடு அங்கேயே நின்றார். அவர் தோள் குலுங்கியதைப் பார்க்கக்கூடாது என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி பிற்பாடு லாரி டிரைவரானான். கல்கத்தா ரோட்டிலேயே அவன் ஆயுசு ஓடியது. நல்ல பேர் எடுத்தான், குடும்பம் நடத்தினான், நைனாவின் கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து எல்லாம் செய்தான். ஆனால் வழியில் வண்டி நின்றுவிட்டால் பானெட்டைத் திறக்க மாட்டானாம். ரோட்டோரம் உட்கார்ந்து மெக்கானிக் வரும்வரை காத்திருப்பானாம். உடன் வரும் கிளீனர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் ஒரு முறை அவனிடம் நேராகவே கேட்டேன். “வேணாம்க்கா, கை வர மாட்டேங்குது” என்றான்.

என் கால் குட்டையானது எனக்குப் பழகிவிட்டது. இன்றும் யாராவது பதற்றத்தில் ஒருவன்மேல் பழியைப் போட்டுப் பேச ஆரம்பித்தால், எனக்கு முதலில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் நினைவுக்கு வருகிறது. நான் கண் விழிக்காமல் கிடந்த அந்த நேரத்தில் நைனா சொன்ன வார்த்தையை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம், சொன்ன அவரும் மறக்கத்தான் பாடுபட்டார்; வாழ்நாள் முழுக்க அதை ஒரு கட்டளையாக எடுத்து நடந்தவன் என் தம்பி ஒருவன்தான்.